ரிசல்ட் வருவதற்கு முன்னால்

கதிர் கண்ணா,

இன்று காலை போய் ரத்தம் கொடுத்துவிட்டு வந்தேன். ஒரு வருஷமாக என்னைக் கெஞ்சிக்கொண்டிருந்தாயே, அதே டெஸ்ட்டுக்குத்தான். நீ வாங்கிக் கொடுத்த அப்பாயின்ட்மென்ட்டையெல்லாம் தட்டிக்கழித்தேன். ஒருதடவை தீபாவளி ஆர்டர் மலைபோல் கிடக்கிறது என்றேன். இன்னொரு தடவை இருமல் என்றேன். இருமலாவது, ஒன்றாவது! பயம். அதைச் சொல்ல வாய் வரவில்லை, அவ்வளவுதான். இன்று உன்னிடம் மூச்சுவிடாமல் உன் அப்பாவை மட்டும் இழுத்துக்கொண்டு போனேன். எனக்கு ஊசி குத்தும்போது அவர் கண்ணை மூடிக்கொண்டார். திரும்பி வந்து ஒரு தூக்கம் போட்டு எழுந்து, இப்போது செங்காங் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எழுதுகிறேன். போனில் தட்டி அனுப்பினால் பாதி படித்துவிட்டு ஒரு கட்டைவிரல் படம் அனுப்புவாய். அதனால்தான் தாளும் பேனாவும். உனக்குத் தெரிந்த கதைகளையும் சேர்த்தே எழுதப் போகிறேன், ஏனென்றால் இதை யாழினியும் படிக்க வேண்டும்.

அவளால்தான் போனேன். போன சனிக்கிழமை கல்யாண பிளவுஸுக்கு அளவு கொடுக்கத் தேக்கா மார்க்கெட் மாடிக்கு, என் தையல் கடைக்கு வந்தாள். வந்ததிலிருந்தே முகம் சரியில்லை. கையைத் தூக்கச் சொன்னால் தூக்கினாள், திரும்பச் சொன்னால் திரும்பினாள். "மூச்ச இழுத்துப் பிடிக்காதம்மா, அப்புறம் மணவறையில உக்கார முடியாது" என்றேன். அதுவரை அடக்கிக்கொண்டிருந்தாள் போல, பொலபொலவென்று கொட்டிவிட்டது. "ஆன்ட்டி, இந்த பிளவுஸ் தைக்கணுமான்னே எனக்குத் தெரியல" என்றாள். "ஏன், டிசைன் பிடிக்கலையா?" என்று கேட்டேன் நான், மண்டு மாதிரி. "டிசைன் ஓகே ஆன்ட்டி. கதிர்தான்... உங்க டெஸ்ட்ல ஜீன் ப்ராப்ளம் இருக்குன்னு வந்து, அப்புறம் அவருக்கும் இருந்துச்சுன்னா, கல்யாணமே வேணாம்னு சொல்றாரு. பிள்ளைங்களுக்கும் போயிடுமாம். என்னை ஃப்ரீயா விட்டுடணுமாம். நான் என்ன கூண்டுல இருக்குற கிளியா லா, ஃப்ரீயா விடுறதுக்கு?" அழுகையோடு அவள் அப்படிச் சொன்னதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளும் சிரித்தாள். பிறகு இரண்டு பேரும் சேர்ந்து அழுதோம். பக்கத்துக் கடை அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, கல்யாண வீடுதானே என்று போய்விட்டார்.

ஆக, உன் கல்யாணம் என் ரத்தத்தில் தொங்கிக்கொண்டிருக்கிறது. இதை என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் நீ. சரி, விடு. நான் மட்டும் என் பயத்தை உன்னிடம் சொன்னேனா என்ன.

யாழினிக்காக என் காலின் கதையை முதலிலிருந்து சொல்கிறேன். உனக்கு நான் முதலில் சொன்ன கதை பொய் என்று அவளுக்கு ஏற்கெனவே சொல்லியிருப்பாய். ஈஸ்ட் கோஸ்ட் கடலில் சுறா கடித்துவிட்டது என்று சும்மா விளையாட்டுக்குச் சொல்லிவைத்தேன். நீ அதைத் தொடக்கப்பள்ளியில் வகுப்பு முழுவதும் பரப்பி, இரண்டு பிள்ளைகள் கடற்கரைக்கு வரமாட்டோம் என்று வீட்டில் அடம்பிடித்து, டீச்சர் என்னைக் கூப்பிட்டு விசாரித்தார். உண்மைக் கதையில் சுறா இல்லை. செம்பவாங்கில் எங்கள் அப்பா கப்பல் பட்டறையில் வேலை பார்த்துக்கொண்டிருந்த காலம். எனக்குப் பதினாறு வயது, பள்ளிக்கூடத்து ஓட்டப்பந்தயம் எதையும் விடமாட்டேன். இடது முழங்காலுக்கு மேலே ஒரு வலி. ஓடியதால் வந்த வலி என்றுதான் எல்லோரும் நினைத்தோம். வலி போகவில்லை, வீக்கம் வந்தது, பிறகு எக்ஸ்ரே, பிறகு சதையையும் எலும்பையும் கொஞ்சம் கிள்ளி எடுத்துப் பார்த்தார்கள். எலும்புப் புற்றுநோய் என்றார் டாக்டர். கெட்டுப்போன எலும்பை மட்டும் எடுத்துவிட்டு உலோகம் வைக்கிற சிகிச்சை என் காலுக்குச் சரிப்படாது என்றார்கள். தொடையில் பாதியோடு எடுத்தார்கள். மருந்து ஏற்றி ஏற்றி முடி கொட்டி, வாந்தி எடுத்து, ஒருவழியாகப் பிழைத்தேன். மருந்தின் காரணமாகப் பிள்ளை பிறப்பது கஷ்டமாகலாம் என்றும் ஒரு டாக்டர் சொன்னார். பதினாறு வயதுப் பெண்ணுக்கு அது ஒரு கவலையா? இனி நூறு மீட்டரில் யார் முதலில் வருவார்கள் என்பதுதான் என் கவலை.

அதற்குப் பிறகு நான் வாழ்ந்த வாழ்க்கையைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. இதை நீ நம்ப வேண்டும். தையல் கற்றுக்கொண்டேன், மோட்டார் மெஷினுக்கு ஒரு கால் போதும். செயற்கைக் காலை மாட்டிக்கொண்டு தினமும் பஸ்ஸில் தேக்காவுக்குப் போவேன். அந்த பஸ்ஸை ஓட்டியவர்தான் உன் அப்பா. நான் உட்காரும் முன்னாலேயே ஒருநாள் வண்டியை எடுத்துவிட்டார். நான் போய் ஒரு சீனக் கிழவரின் மடியில் விழுந்தேன். அவர் மடியில் ஒரு பை நிறைய முட்டை. கடைசி நிறுத்தம் வரை நின்றுகொண்டே திட்டினேன். மறுநாள் கடை தேடி வந்து மன்னிப்புக் கேட்டார். இன்றுவரை கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார். கல்யாணப் பேச்சு எழுந்தபோது அவருடைய அம்மா, என் மாமியார், என்னைத் தனியாகக் கூப்பிட்டுத் தயங்கித் தயங்கிக் கேட்டார். "பொறக்குற புள்ளைக்கும் இப்படி ஆயிடுச்சுன்னா என்னம்மா பண்ணுவ?" எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "பொறக்கட்டும் அத்தை, ரெண்டு காலும் இருக்கான்னு நீங்களே எண்ணிப் பாத்துக்கங்க" என்றேன். நீ பிறந்த அன்று ஆஸ்பத்திரியில் துணியை விலக்கிப் பார்த்து, "எண்ணிட்டேன்மா, சரியா இருக்கு" என்றாரே பார்க்கலாம்! அதோடு எங்களுக்குள் பகை தீர்ந்தது. அன்று அவர் கேட்டதைத்தான் இன்று நீ பெரிய படிப்பெல்லாம் படித்துவிட்டு வந்து கேட்கிறாய். அவர் என் முகத்தைப் பார்த்துக் கேட்டார். நீ யாழினியிடம் போய்ச் சொல்லியிருக்கிறாய், அதுதான் வித்தியாசம்.

இந்த பயம் உனக்கு எப்போது வந்தது என்று யோசித்துப் பார்த்தேன். உனக்குப் பதின்மூன்று வயதிருக்கும். கால்பந்து விளையாடிவிட்டு நொண்டிக்கொண்டு வந்தாய். எந்தக் கால், எங்கே வலி என்றுகூடக் கேட்காமல் டாக்சி பிடித்து ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு ஓடினேன். எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை, சுளுக்கு. டாக்டர் சொன்னதும் நான் நடைபாதையில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். நல்ல செய்திக்கு ஏன் அம்மா அழுகிறாள் என்று நீ விழித்துக்கொண்டு நின்றாய். அன்றிரவு என் காலைப் பற்றி உன் அப்பாவிடம் என்னவோ கேட்டாயாம். அவரும் விவரமாகச் சொல்லிவிட்டாராம். அதற்கப்புறம் எந்த வலி வந்தாலும் நீ என்னிடம் சொன்னதில்லை. பல்வலியைக்கூட மறைத்தவன் நீ.

நீ ஆராய்ச்சி வேலைக்குச் சேர்ந்ததும், அதுவும் எலும்புப் புற்றுநோய்தான் என்றதும், நான் பெருமைப்பட்டேன். பயத்தில் போயிருக்கிறாய் என்று புரியவே இல்லை. மைக்ரோ ஆர்என்ஏ, மைக்ரோ ஆர்என்ஏ என்று மந்திரம் மாதிரிச் சொல்வாய். "அம்மாவுக்குப் புரியுற மாதிரி சொல்லுடா" என்று ஒருநாள் இதே மேசையில் பிடித்து உட்காரவைத்தேன். அன்று நீ என் கடையை வைத்தே சொன்னது இன்னும் மறக்கவில்லை. உடம்பில் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் பெரிய அளவுப் புத்தகம் ஒன்று இருக்கிறது, அதுதான் டிஎன்ஏ. அதிலிருந்து ஒவ்வொரு வேலைக்கும் ஒரு சீட்டு எழுதி வெளியே அனுப்புவார்கள். சீட்டைப் பார்த்துத் தையல் நடக்கும். மைக்ரோ ஆர்என்ஏ என்பது அந்தச் சீட்டின்மேல் வந்து ஒட்டிக்கொள்கிற துண்டுக் காகிதம்: இதைத் தைக்காதே, பொறு. அந்தத் துண்டைப் பார்த்து எதுவும் தைப்பதில்லை, அதன் வேலையே நிறுத்துவதுதான் என்றாய். உடனே எனக்கு ரோஸி செய்த கூத்து ஞாபகம் வந்தது. கடையில் எனக்கு உதவிக்கு இருந்தாளே, அவள்தான். ஒரு கர்ப்பிணி ஆறு பிளவுஸ் துணி கொடுத்து, பிரசவம் ஆனபிறகு அளவு தருகிறேன், அதுவரை தொடாதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள். நானும் ஆறு சீட்டிலும் "பொறு" என்று துண்டு ஒட்டி வைத்தேன். பசை காய்ந்து, விசிறிக் காற்றில் துண்டெல்லாம் பறந்துவிட்டது. ரோஸி பழைய அளவைப் பார்த்து ஆறையும் மளமளவென்று தைத்து அடுக்கிவிட்டாள். அவள் கெட்டிக்காரிதான். நிறுத்தச் சொல்லும் துண்டு இல்லையென்றால் அவளுக்கு எப்படித் தெரியும்?

"அதேதான்மா!" என்று நீ குதித்தாய். பதின்ம வயதில் எலும்பு வேகமாக வளர்கிறது, எலும்பு செய்கிற செல்கள் பெருகிக்கொண்டே இருக்கின்றன, போதும் நிறுத்து என்று சொல்ல வேண்டிய மைக்ரோ ஆர்என்ஏக்களில் சில குறைந்துபோனால் செல்கள் நிற்காமல் பெருகும் என்றாய். அதற்கு நேர்மாறாகவும் நடக்குமாம். வேறு சில மைக்ரோ ஆர்என்ஏக்கள் அளவுக்கு மீறிப் பெருகி, ஒட்டக்கூடாத சீட்டில் போய் ஒட்டிக்கொள்ளும். அடக்கி வைக்கிற ஜீன்களையே வாயடைக்கச் செய்துவிடும். கட்டி எலும்பைவிட்டு நுரையீரலுக்குப் பரவுவதிலும் இவற்றுக்குக் கை உண்டு என்றாய். இவை ரத்தத்திலும் மிதக்கின்றன, ஒருநாள் ரத்தத்தைப் பார்த்தே நோய் எப்படிப் போகும் என்று சொல்ல முடியலாம், குறைந்துபோனதைத் திருப்பிக் கொடுத்து மருந்தாக்கலாம், ஆனால் அதெல்லாம் இன்னும் ஆராய்ச்சியில்தான் இருக்கிறது என்று நேர்மையாகவும் சொன்னாய். உனக்கு அன்றைக்குக் கண்ணெல்லாம் மின்னியது. நான் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பாதிதான் காதில் விழுந்தது.

அப்புறம் என் பழைய கால்! ஆஸ்பத்திரியில் என் கட்டியின் ஒரு துணுக்கை மெழுகில் பதித்து இத்தனை வருஷம் பத்திரமாக வைத்திருக்கிறார்கள் என்று சொல்லி, அதை ஆராய்ச்சிக்குக் கொடுக்கச் சம்மதமா என்று நீ கேட்டபோது நான் அதிர்ந்துபோனேன். அந்தக் கால் என்றைக்கோ சாம்பலாகிவிட்டது என்றல்லவா நினைத்திருந்தேன். இத்தனை வருஷம் கழித்து அதில் என்ன இருக்கப்போகிறது என்றேன். நீளமான ஆர்என்ஏ எல்லாம் உடைந்து நொறுங்கியிருக்கும், மைக்ரோ ஆர்என்ஏ மட்டும் ரொம்பக் குட்டியாக இருப்பதால் தப்பித்து நிற்கும் என்றாய். கையெழுத்துப் போட்டேன். கொஞ்ச நாள் கழித்து, "என் கால் என்னடா சொல்லுது?" என்று கேட்டேன். "தெரியாதும்மா. எல்லாத்துக்கும் நம்பர்தான், பேர் கிடையாது. எது உங்களோடதுன்னு எனக்குத் தெரியவும் கூடாது, ரூல் அப்படி. அதனால எந்த சாம்பிள் வந்தாலும் உங்களோடதாத்தான் இருக்கும்னு நெனச்சு பண்றேன்" என்றாய். அன்று நான் அடுப்படிக்குள் போய்விட்டேன், ஏதோ தீய்கிறது என்று சொல்லிக்கொண்டு. ஒன்றும் தீயவில்லை. உன்னைப் பெற்றதற்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

அதோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. பிறகுதான் நீ அந்த பி53 பேச்சை ஆரம்பித்தாய். "அம்பத்துமூணு ஏர்போர்ட் போற பஸ் நம்பராச்சே" என்றார் உன் அப்பா. நிறுத்தும் துண்டுகளில் முக்கியமான ஒரு வகையை ஒட்டச் சொல்லி உத்தரவு போடுவதே இந்த பி53 ஜீன்தான் என்றாய். எலும்புப் புற்றில் பலருக்கு அது கெட்டுப்போயிருக்கும், பெரும்பாலும் அந்தக் கட்டிக்குள் மட்டும்தான் கெட்டிருக்கும், ஆனால் சிலருக்கு மட்டும் பிறக்கும்போதே உடம்பு முழுக்கக் கெட்ட ஜீனாக இருக்கும், அவர்கள் அதைப் பிள்ளைகளுக்கும் கொடுக்கக்கூடும் என்றாய். நான் எந்த வகை என்று என் ரத்தம்தான் சொல்லும். அன்றிலிருந்துதான் எனக்கு இருமல். என் கால் போனதை நான் தாங்கினேன். உனக்கு என்னிடமிருந்து ஒரு கேடு போயிருக்கும் என்பதைத் தாங்க முடியவில்லை. என் மூக்கைக் கொடுத்தேன், என் கோபத்தைக் கொடுத்தேன், இதையுமா?

இன்று அங்கே எனக்கு விளக்கம் சொன்ன சீனப் பெண் உன்னைவிடச் சின்னவளாக இருப்பாள். பொறுமையாகப் பேசினாள். ரிசல்ட் வரச் சில வாரங்கள் ஆகும். இல்லை என்று வந்தால் நல்லது. இருக்கிறது என்று வந்தால், உனக்கும் வந்திருக்கலாம், வராமலும் இருக்கலாம், நீ தனியாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். இருந்தால்கூட நோய் வந்தே தீரும் என்று அர்த்தம் இல்லை, ஒழுங்காகப் பரிசோதனை செய்துகொண்டிருந்தால் முளையிலேயே பிடிக்கப் பார்க்கலாம் என்றாள். பிள்ளை விஷயத்திலும் இப்போது பல வழிகள் இருக்கின்றன, கணவனும் மனைவியுமாக உட்கார்ந்து பேசலாம் என்றாள். கவனித்தாயா, கணவனும் மனைவியுமாக. ரிசல்ட் கேட்க வரும்போது யாரைக் கூட்டிவருவீர்கள் என்று கேட்டாள். "மை சன், அண்ட் மை டாட்டர்-இன்-லா" என்றேன். வாயிலிருந்து தானாக வந்தது.

உனக்கு ஒரு அம்மா சொல்லக்கூடியது இவ்வளவுதான். அந்த டெஸ்ட் எங்கே கண்ணை வைத்துப் பார்க்க வேண்டும் என்று சொல்லும். யார் யாரோடு வாழலாம் என்று சொல்வது அதன் வேலை இல்லை. யாழினிக்கு நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு அவளுடைய முடிவை நீயே எடுக்கிறாய். இது தியாகம் இல்லை கண்ணா, அதிகப்பிரசங்கித்தனம். உன் அப்பாவுக்கு என் கால் தெரியும், டாக்டர் சொன்னது தெரியும், பிள்ளையே பிறக்காமல் போகலாம் என்றும் தெரியும். எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, "யோசிச்சு சொல்லுங்க" என்றேன். யோசித்துச் சொன்னார். யோசிக்கிற உரிமையை நான் அவரிடமிருந்து பிடுங்கவில்லை. யாழினியிடம் எல்லாவற்றையும் திறந்து சொல், பிறகு வாயை மூடிக்கொண்டு அவள் சொல்வதைக் கேள். அவள் வேண்டாம் என்றால் அது அவள் வாயிலிருந்து வரட்டும். எனக்கு அந்தக் கவலை இல்லை. நேற்றே அவளுடைய பட்டுத் துணியை விரித்துக் கத்தரியைப் போட்டுவிட்டேன். என் கடையில் சந்தேகம் இருக்கிற துணியை நான் வெட்டியதே கிடையாது, அது உனக்கே தெரியும்.

ரத்தம் கொடுத்துவிட்டுக் கீழே காப்பிக் கடையில் உட்கார்ந்திருந்தோம். உன் அப்பா காப்பியைக் கலக்கிக்கொண்டே இருந்தார். பிறகு கேட்டார்: "அப்பவே இப்படி ஒரு டெஸ்ட் இருந்து, அப்பவே இருக்குன்னு சொல்லியிருந்தா, என்ன பண்ணியிருப்ப?" ரொட்டி ஆறுது, சாப்பிடுங்க என்றேன். எம்ஆர்டி ரயிலில் வரும்போதெல்லாம் அதையேதான் யோசித்துக்கொண்டு வந்தேன். ஒருவேளை அதே கேள்வி உன் மனத்திலும் இருக்கலாம், அம்மாவிடம் எப்படிக் கேட்பது என்று விட்டிருப்பாய். ரிசல்ட் வந்த பிறகு நான் என்ன சொன்னாலும் நீ நம்பமாட்டாய். இல்லை என்று வந்தால் தைரியத்தில் சொல்கிறேன் என்பாய், இருக்கிறது என்று வந்தால் சமாதானத்துக்குச் சொல்கிறேன் என்பாய். அதனால் ஒன்றும் தெரியாத இன்றைக்கே சொல்லிவிடுகிறேன். எனக்கு இருக்கிறது என்று அன்றைக்கே தெரிந்திருந்தாலும், உனக்கும் வரலாம் என்று சொல்லியிருந்தாலும், உன்னைப் பெற்றிருப்பேன், கதிர். பயந்துகொண்டேதான் பெற்றிருப்பேன். ஆனால் பெற்றிருப்பேன்.

அம்மா